கலாப்ரியா சம்பந்தி

என் மகனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கி நாலு மாதம் ஆகியிருந்தது. வந்த ஜாதகங்களில் இரண்டு நன்றாகப் பொருந்தி, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக இருந்தன. அப்போதுதான் அவன் இத்தாலியிலிருந்து போன் செய்து, அங்கே ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றான். சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்தவனைக் கம்பெனிக்காரர்கள் ஒரு வருஷம் முன்னால் தொரீனோ என்ற ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். கம்ப்யூட்டர் வேலைக்கென்றுதான் அனுப்பினார்கள்.

போனைக் கணவரிடம் கொடுத்துவிட்டு நான் உட்கார்ந்துவிட்டேன். அவர் கல்பாக்கத்தில் வேலை பார்க்கிறவர், எதற்கும் பதறாதவர். விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, "பொண்ணு சைவமா?" என்றார். அதற்கு மேல் அவருக்குக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பசித்தது. நாலாம் நாள் அவன் மறுபடி கூப்பிட்டான்.

"அம்மா, நீ ஒத்துக்கிட்டாலும் பிரயோஜனமில்ல. அவங்க அம்மா ஒத்துக்கணும். அவங்களுக்கு இதுல இஷ்டமே இல்ல. ஜனவரில நம்ம வீட்ட வந்து பார்த்துட்டுத்தான் சொல்வாங்களாம். அவங்க வேணாம்னுட்டா இவளும் வேணாம்னுடுவா."

சொல்லிக்கொண்டே வந்தவன் நடுவில் நிறுத்தினான். பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டபோதுகூட அழாத பையன். போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அதுவரை இந்தக் கல்யாணம் நடக்கக்கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன். என் பையனை ஒருத்தி வேண்டாமென்று சொல்லக்கூடும் என்றதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. யார் அந்த மகராசி, என் பிள்ளையை வேண்டாமென்று சொல்ல? அவள் வாயால் சரி என்று சொல்ல வைத்துவிட்டுத்தான் மறு வேலை என்று முடிவு செய்தேன். ஜனவரிக்கு எட்டு மாதம் இருந்தது.

"பொண்ணுக்கு நேட்டிவ் எது?" என்று கேட்டேன்.

இதைக் கேட்டதற்கு என்னை மட்டும் குறை சொல்ல முடியாது. நான் செங்கல்பட்டில் தபால் ஆபீஸில் இருந்தேன். கவுண்டரில் சில வருஷம், கடிதம் பிரிப்பதில் பல வருஷம். கவரைக் கையில் எடுத்தால் என் கண் போவது கடைசி வரிக்குத்தான். பெயர் எதுவாக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். ஊர் தெரிந்தால்தான் எந்தப் பையில் போடுவதென்று தெரியும். மனிதர்களையும் நான் அப்படியே பிரித்து வைத்திருந்தேன். எங்கள் தெருவிலும் அதுதான் வழக்கம். எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்து வீடு கட்டிக்கொண்டவர்கள் எல்லோரும். புதிதாக யார் குடிவந்தாலும் பால் காய்ச்சி முடிப்பதற்குள் சொந்த ஊரைக் கேட்டுவிடுவோம். சொந்த ஊர் என்றால் பிறந்த ஊரோ இருக்கிற ஊரோ இல்லை, அப்பாவின் அப்பா இருந்த ஊர். என் கணவர் திருநெல்வேலி. ஐந்து வயதில் அந்த ஊரை விட்டு வந்தவர். கல்யாணம் ஆனதும் நானும் திருநெல்வேலி ஆகிவிட்டேன். அந்த ஊரில் நான் மொத்தமாக ஒன்பது நாள் இருந்திருப்பேன். அதில் மூன்று நாள் வயிற்றுப்போக்கு.

"அப்பா பக்கம் கலாப்ரியாம்மா, இத்தாலில தெக்குக் கோடி," என்றான் மகன்.

"அப்பா என்ன பண்றார்?"

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. லைன் சரியில்லை என்று நினைத்தேன். "அவர் ஊர்ல இருக்கார்," என்றான்.

எனக்கு அது போதுமாக இருந்தது. எங்கள் தெருவில் எல்லோருடைய அப்பாவும் ஊரில்தான் இருந்தார்கள், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்துக்கு பஸ் ஏறினேன். அவ்வளவு வெளிநாட்டுக்காரர்கள் திரிகிற ஊரில் ஒரு வாத்தியார் கிடைக்காமலா போவார்? ஐந்து ரதத்துக்குப் பக்கத்தில் ஒரு கைடு, முப்பத்தைந்து வயதிருக்கும், தொப்பி போட்ட இருபது பேரை நிற்கவைத்து அவர்கள் பாஷையிலேயே விளாசிக்கொண்டிருந்தார். எந்த பாஷை என்று பக்கத்து இளநீர்க் கடையில் கேட்டேன். இத்தாலி என்றார்கள். கூட்டம் கலைந்ததும் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னாத்துக்குக்கா உனக்கு? கடை வெக்கப் போறியா?"

"சம்பந்தி வர்றாங்க," என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

காசு வேண்டாம் என்றார். கைடு லைசென்ஸுக்கு அவர் போட்ட விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்திருந்தது. அதை ஒழுங்காக எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். சர்க்கார் படிவம் நிரப்புவதில் என்னை அடிக்க அந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. ஒப்பந்தம் முடிந்தது.

"கிராமர் எப்ப ஆரம்பிக்கலாம்?" என்று நோட்டைத் திறந்தேன்.

"அதெல்லாம் பேஜாரு, வாணாம். அவங்க நாட்ல இருபது ஏரியா கீது. ஒவ்வொரு ஏரியாவுக்கும் ஒரு நல்ல வார்த்த வெச்சுக்கோ. வந்தவுடனே எந்த ஊருன்னு கேளு. கேட்டுட்டு அந்த ஊரப் புகழு. மூஞ்சி மலர்ந்துரும். அவ்ளோதான்கா பாஷை."

"நீங்க அங்க போயிருக்கீங்களா?"

"நான் ஏன்கா போவணும்? அவங்கதான் வந்துகினே கீறாங்களே."

வாரத்துக்கு ஒரு ஏரியா, சில வாரம் இரண்டு. இரண்டு பஸ்களுக்கு நடுவில், கூட்டம் இல்லாத நேரத்தில் பாடம் நடக்கும். முதலில் "தி தொவே?" என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தார். எந்த ஊர் என்று அர்த்தம். எங்கள் தெருவின் கேள்விதான் அவர்களுக்கும் முதல் பாடம் என்பதில் எனக்கு மகா திருப்தி. சிசிலிக்காரர்களிடம் எலுமிச்சையைப் பற்றிப் பேச வேண்டும், ரவுடிகளைப் பற்றிப் பேசக்கூடாது. நாப்போலிக்காரர்களிடம் வேறெந்த ஊரிலும் பீட்சாவே கிடையாது என்று சொல்லிவிட வேண்டும். வெனிஸ் ஆட்களிடம் தண்ணீரைப் பற்றி வாயே திறக்கக்கூடாது. "ஏற்கெனவே வூட்டுக்குள்ள வந்துகினு கீதுன்னு நொந்து போயிருக்காங்க." பியமோந்தே என்ற ஏரியாவை மட்டும் தாண்டிவிட்டோம். அந்த ஏரியாக்காரர்கள் சிரிக்க மாட்டார்களாம், கைடும் வைத்துக்கொள்ள மாட்டார்களாம், புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சுற்றிவிட்டுப் போய்விடுவார்களாம்.

கலாப்ரியாவுக்கு மட்டும் ஆறு வாரம் கேட்டு வாங்கினேன். அவருக்கே அந்த ஊர் மேல் தனிப் பிரியம் இருந்தது.

"அவங்க நம்ம ஆளுங்கக்கா. மொளகாய மாலையா கோத்து வாசல்ல தொங்க வுடுவாங்களாம். துன்றதுக்கும் அதான், திருஷ்டிக்கும் அதான்."

அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போது என் மனசு லேசாக இருந்தது. மிளகாய் கட்டுகிற வீட்டில்தான் பையன் மாட்டியிருக்கிறான். திருக்கழுக்குன்றம் தாண்டுகிறபோது மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

கடிதம் பிரிக்கும்போதும் முணுமுணுத்துக்கொண்டே இருப்பேன். லா கலாப்ரியா எ பெல்லிஸ்ஸிமா. கலாப்ரியா ரொம்ப அழகு. இல் பெபெரொன்ச்சீனோ எ புவோனிஸ்ஸிமோ. மிளகாய் ரொம்ப நன்றாக இருக்கும். கடைசியில் கொம்ப்ளிமென்தி அ ஸுவோ மரீத்தோ என்று முடிக்க வேண்டும். உங்கள் கணவருக்கு என் பாராட்டுகள். இது கைடின் சொந்தச் சரக்கு. டூருக்கு வருகிற பெண்களிடம் இதைச் சொன்னால் புருஷன், பெண்டாட்டி இரண்டு பேருமே குளிர்ந்துவிடுவார்களாம். இதில் ஒரு வார்த்தையைக்கூட மகனிடம் சொல்லவில்லை. இத்தாலியன் படிக்கிறேன் என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். மற்றதெல்லாம் அன்றைக்குத் தெரிந்தால் போதும் என்று வைத்திருந்தேன்.

ஜனவரியில் வந்தார்கள். மகன், அந்தப் பெண், அவளுடைய அம்மா. மாமல்லபுரத்தில் ஓட்டல் எடுத்துத் தங்கி, மறுநாள் மதியம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். பெண் ஒல்லியாக, நல்ல உயரமாக இருந்தாள். சுடிதார் போட்டிருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்து, "சாப்டாச்சா?" என்றாள். சமைத்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறவளிடம் கேட்கிற கேள்வி இல்லை அது, ஆனாலும் எனக்குப் பிடித்துவிட்டது. அம்மாக்காரிக்கு என் வயது இருக்கும். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். சிரிக்கவில்லை. வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். என் ஆபீஸுக்கு இன்ஸ்பெக்ஷன் வருகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

நிலைப்படியில் எலுமிச்சையும் மிளகாயும் புதிதாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

இலை போட்டேன். வந்திருப்பது கலாப்ரியா என்பதால் காரத்தில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. மிளகாய் பஜ்ஜி, காரக்குழம்பு, மோர் மிளகாய், உருளைக்கிழங்கு வறுவலில் இரட்டைப் பங்கு தூள். மகன் இலையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். அந்த அம்மா மரியாதைக்காக எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துச் சாப்பிட்டாள். இரண்டாவது வாயிலேயே கண்ணில் தண்ணீர் கொட்டியது. பஜ்ஜி ஊர் ஞாபகத்தைக் கிளப்பிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். சரியான நேரம் இதுதான் என்று கரண்டியை வைத்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னேன். கலாப்ரியா ரொம்ப அழகு என்றேன். மிளகாய் ரொம்ப நன்றாக இருக்கும் என்றேன். உங்கள் கணவருக்கு என் பாராட்டுகள் என்று முடித்தேன். கைடு கேட்டிருந்தால் அவர் மூஞ்சி மலர்ந்திருக்கும்.

பெண் தலையைக் குனிந்துகொண்டாள். மகன் கையைச் சோற்றிலிருந்து எடுத்துவிட்டான். என் கணவர் மட்டும் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். "மியோ மரீத்தோ எ அந்தாத்தோ வியா." என் கணவர் போய்விட்டார். டூர் பஸ் ஆளை விட்டுவிட்டுக் கிளம்பிப் போய்விட்டால் கைடு அப்படித்தான் சொல்வார். மகளைக் காட்டி மூன்று விரலை நீட்டினாள். அப்போது இவளுக்கு மூன்று வயது.

எட்டு மாதம் படித்ததில் ஒருத்தர் சொல்லி எனக்கு முழுசாகப் புரிந்த முதல் இத்தாலியன் வாக்கியம் அதுதான். ரசம் எடுத்து வருகிறேன் என்று தமிழில் சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டேன். மகன் பின்னாலேயே வந்தான்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"ஊர்ல இருக்காருன்னு சொன்னேனே. அது பொய்யில்லையேம்மா. அங்க அவருக்கு வேற குடும்பம்."

"விட்டுட்டுப் போயிட்டாருன்னு ஏன்டா சொல்லல?"

அவன் ரசச் சட்டியின் மூடியைத் திருகிக்கொண்டு நின்றான். "சொல்லியிருந்தா நீ என்ன சொல்லியிருப்பம்மா?"

என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். அப்பன் விட்டுட்டுப் போன வீட்லயா பொண்ணு எடுக்கிறது என்று சொல்லியிருப்பேன். இதே வார்த்தைகள். அக்கம்பக்கத்தில் எத்தனையோ பெண்களைப் பற்றி அவன் காதுபடவே சொல்லியும் இருக்கிறேன். அவன் அதைக் கேட்டுத்தான் வளர்ந்திருக்கிறான். எனக்கு வெட்கமாக இருந்தது. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுக்களை வாசலில் நிழல் தட்டியது. அந்த அம்மா வந்து நின்றாள். பேச்சு முறிந்துவிட்டது, ஓட்டலுக்குக் கிளம்புகிறேன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஏதாவது சொல்லியாக வேண்டும். இப்படிப்பட்ட விஷயத்துக்கு மன்னிப்பு கேட்க எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. "ஸ்கூஸி" என்றேன். கூட்டத்தில் காலை மிதித்துவிட்டால் சொல்கிற வார்த்தை அது. அவள் தலையை ஆட்டினாள். எனக்குத் தெரிந்தது இன்னும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது.

"தி தொவே?" என்று கேட்டேன். எந்த ஊர்?

எட்டு மாதத்தில் அந்த அம்மாவுடைய ஊர் எது என்று எனக்குக் கேட்கத் தோன்றியதே இல்லை. பெண்ணின் அப்பா ஊர் தெரிந்ததும் குடும்பத்தையே அந்தப் பையில் போட்டுக் கட்டிவிட்டேன்.

"வெர்ச்செல்லி," என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "பியமோந்தே," என்றாள். நாங்கள் தாண்டிவிட்ட ஏரியா. என் நோட்டில் அதற்கென்று ஒரு வரிகூட இல்லை. அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த சாதக் குண்டானின் மூடியைத் திறந்து, "ரீசோ," என்று சோற்றைக் காட்டினாள். பிறகு "மியா மாத்ரே" என்றாள், என் அம்மா. சொல்லிவிட்டு இடுப்பை வளைத்துக் குனிந்தாள். அடுக்களைத் தரையில் இடது கையால் எதையோ ஒதுக்கி, வலது கையால் பிடுங்கி, பின்னால் எறிந்தாள். ஒரு எட்டு வைத்தாள். மறுபடியும் பிடுங்கினாள்.

களை எடுக்கிறாள். அதை எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. அந்த ஊரில் நெல் விளையும் என்றே எனக்குத் தெரியாது. நானும் "மியா மாத்ரே" என்று என்னைக் காட்டினேன். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு நானும் குனிந்தேன். திருக்கழுக்குன்றத்துக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு கிராமம் என்னுடையது. என் அம்மா கூலிக்குக் களை எடுத்தவள். எங்கள் தெருவில் யாருக்கும் இது தெரியாது, அவர்களுக்கு நான் திருநெல்வேலி. அவள் என் கையைப் பார்த்துவிட்டு, அப்படியில்லை, வேரோடு என்று திருத்தினாள். எங்கள் பக்கத்திலும் வேரோடுதான், எனக்குத்தான் வழக்கம் விட்டுப்போயிருந்தது. மகன் சட்டியைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கி நின்றான். அவனுக்கும் இது தெரியாது.

நிமிர்ந்தபோது இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. அவள் சிரிக்கவில்லை. என் மகனைப் பார்த்தாள், பிறகு கூடத்தில் இருந்த தன் மகளைப் பார்த்தாள். எதற்காக இவ்வளவு தூரம் வந்தாளோ அதை அப்போதுதான் கேட்டாள். எனக்காகச் சின்னதாக வெட்டி, நாலே சொல்லில் கேட்டாள்.

"ஸே லூயி வா வியா?"

இவன் விட்டுவிட்டுப் போய்விட்டால்?

என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை என்று தமிழில் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். அவன் சின்ன வயதில் வாங்கிய பரிசுகளைக்கூட எடுத்துக் காட்டியிருப்பேன். இத்தாலியனில் அதற்கு என்னிடம் வார்த்தை இல்லை. இருந்ததெல்லாம் அவள் சொன்ன வார்த்தைகளும் கைடிடம் பொறுக்கிய நாலைந்தும்தான். அந்த மாதக் கடைசியில் அவனுக்கு டிக்கெட் போட்டிருந்தது. இனிமேல் அங்கேதான் வேலை, அங்கேதான் வீடு என்று வந்த அன்றைக்கே அவன் அப்பாவிடம் சொல்லியிருந்தான். அவர் அதை எனக்குச் சொல்லாமல் ஒரு ராத்திரி முழுக்க வைத்திருந்து, அன்று காலையில், நான் தேங்காய் துருவும்போது சொன்னார். நான் துருவிக்கொண்டே இருந்தேன். அதைப் பற்றி யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

"தா மே, வா வியா," என்றேன். என்னை விட்டுப் போகிறான். "வா பேனே." பரவாயில்லை. பிறகு கூடத்தைக் காட்டி, "தா ஸுவா ஃபீலியா, நோ," என்றேன். உங்கள் மகளை விட்டுப் போக மாட்டான், போகவும் விட மாட்டேன். பாதியைத்தான் சொல்ல முடிந்தது. மீதி என் முகத்தில் இருந்திருக்க வேண்டும், அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுப்போரம் இருந்த கரண்டியை எடுத்து, குண்டானிலிருந்து தனக்குச் சோறு எடுத்துக்கொண்டு, இலைக்குத் திரும்பிப் போனாள்.

என் மகன் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தான். இத்தாலியன் அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.